சவ்வின் இருபுறமும்: உயிரணுவின் ஆற்றல் வரவு செலவு பற்றி ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ஒரு மோல் குளுக்கோஸை, அதாவது 180 கிராமை, வெளியில் எரித்தாலும் சரி, உயிரணு தன் உள்ளே மெல்ல மெல்ல ஆக்சிஜனேற்றம் செய்தாலும் சரி, தொடக்கமும் முடிவும் ஒன்றுதான். மிஞ்சுவது கரியமில வாயுவும் நீரும். கிடைக்கக்கூடிய கட்டிலா ஆற்றல் இரண்டிலும் ஏறத்தாழ 2,870 கிலோஜூல். ஆனால் அடுப்பில் எரிந்த சர்க்கரை வெப்பமாகப் போய்விடுகிறது. உயிரணுவில் எரிந்தது தசையைச் சுருக்குகிறது, புரதம் கட்டுகிறது, நரம்பில் செய்தி அனுப்புகிறது. வெப்பத்தைக் கொண்டு வேலை வாங்க வெப்பநிலை வேறுபாடு வேண்டும். 37 டிகிரியில் ஒரே சீராக இருக்கும் உயிரணுவுக்குள் அந்த வழி அடைபட்டிருக்கிறது. வேறு எந்த வழியில் அது வேலை வாங்குகிறது?

பள்ளிப் பாடநூல் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. உணவின் ஆற்றல் ஏடிபி என்னும் மூலக்கூறின் உயர் ஆற்றல் பிணைப்பில் சேமித்து வைக்கப்படுகிறது, பிணைப்பு உடையும்போது அது வெளிவருகிறது என்பது அந்த விடை. தேர்வுக்கு இது போதும். விஷயத்தைப் புரிந்துகொள்ளப் போதாது என்பதோடு, ஓரளவு தடையாகவும் இருக்கிறது. உயிரணு எந்தப் பொருளிலும் ஆற்றலைப் பூட்டி வைப்பதில்லை. சமநிலைக்குப் போக விடாமல் சிலவற்றைத் தள்ளியே வைத்திருக்கிறது, அந்த விலகல்தான் அதன் முதல் என்பதே இக்கட்டுரையின் வாதம். அறிவியலாளர்களும் நெடுங்காலம் ஒரு பொருளைத்தான் தேடினார்கள். அந்தத் தேடலின் வரலாறே இந்த வாதத்துக்கு நல்ல சான்று என்பதால், வேதிவினைகளை வரிசையாக அடுக்காமல் வரலாற்றின் வழியே செல்கிறேன்.

2. எரிதலில் தொடங்கிய கதை

1782-83 குளிர்காலத்தில் பாரிஸில் லவாய்சியரும் லாப்லாசும் ஒரு சீமைப் பெருச்சாளியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் வைத்தார்கள். அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனி உருகியது, அது எவ்வளவு கரியமில வாயு வெளியிட்டது என்று அளந்து, கரி எரியும்போது கிடைக்கும் அளவுகளோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போயின. சுவாசம் என்பது மெதுவாக நடக்கும் எரிதலே என்ற முடிவு அங்கே பிறந்தது. வரவும் செலவும் ஒத்துப்போகின்றன என்று காட்டியதில் அந்தச் சோதனையின் பெருமை அடங்கியிருக்கிறது. வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

அடுத்த பெரிய நகர்வு வர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. எட்வர்ட் புக்னர் ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்து, அழுத்திப் பிழிந்து, உயிருள்ள செல் எதுவும் இல்லாத சாற்றை எடுத்தார். அது கெடாமல் இருக்கட்டும் என்று சர்க்கரை சேர்த்தபோது சாறு குமிழியிட்டு நொதிக்கத் தொடங்கியது. 1897இல் அவர் இதை வெளியிட்டார். 1907இல் நோபல் பரிசு கிடைத்தது. உயிர் இல்லாமலே நொதித்தல் நடக்கும் என்றானபின் உயிரணுவின் வேலைகளைச் சோதனைக் குழாயில் பிரித்துப் பார்க்கலாம் என்ற துணிவு வந்தது. 1906இல் லண்டனில் ஹார்டனும் யங்கும் ஈஸ்ட் சாற்றில் பாஸ்பேட் உப்பைச் சேர்த்தார்கள். நொதித்தல் வேகம் கூடியது. சேர்த்த பாஸ்பேட்டோ சாற்றில் தனியாகக் காணக் கிடைக்கவில்லை, சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எரிபொருளுக்கும் காற்றுக்கும் சம்பந்தமே இல்லாத பாஸ்பேட்டுக்கு இங்கே என்ன வேலை?

3. பாஸ்பேட்டின் பின்னால்

3.1 தாமதமாக வந்த நீலநிறம்

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர். பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், மாநிலக் கல்லூரியிலும் பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். கதர் அங்கி அணிந்து அறுவை வகுப்புக்குப் போனதால் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். 1923இல் ஹார்வர்டு சென்று சைரஸ் பிஸ்கேயோடு சேர்ந்தார். 1925இல் இருவரும் பாஸ்பேட்டை அளக்க எளிய முறை ஒன்றை வகுத்தார்கள்: மாலிப்டேட்டோடு சேர்த்து ஒடுக்கினால் நீலநிறம் வரும், நிறத்தின் அடர்த்தியே அளவு. நம் ஊர் உயிர்வேதியியல் செய்முறை வகுப்புகளில் பிஸ்கே-சுப்பாராவ் முறை இன்றும் சொல்லிக் கொடுக்கப்படுகிறது.

தசைச் சாற்றை இம்முறையில் சோதித்தபோது ஒரு கோளாறு. வழக்கமாகச் சில நிமிடங்களில் நிலைபெற வேண்டிய நிறம் நிற்காமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. வேறொருவராக இருந்தால் முறையில் பிழை என்று திருத்தியிருப்பார். இவர்கள் அந்தத் தாமதத்தையே ஆராய்ந்தார்கள். சாற்றில் பாஸ்பேட் வேறு ஒன்றோடு இணைந்து இருக்கிறது, சோதனைக்கு ஊற்றும் அமிலத்தில் அது உடைந்து உடைந்து பாஸ்பேட்டை விடுவிக்கிறது என்று கண்டார்கள். 1927இல் வெளிவந்த பாஸ்போகிரியேட்டின் இதுதான். தசையைத் தூண்டினால் அது குறைந்தது, ஓய்வு கொடுத்தால் மீண்டும் பெருகியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1929இல், ஜெர்மனியில் தசை ஆய்வாளர் மேயர்ஹோஃபின் ஆய்வகத்தைச் சேர்ந்த கார்ல் லோமனும், ஹார்வர்டில் பிஸ்கேயும் சுப்பாராவும் தனித்தனியாக ஏடிபியைக் கண்டறிந்தார்கள்.

3.2 நஞ்சூட்டிய தசை

அப்போது ஆட்சி செலுத்திய கொள்கை மேயர்ஹோஃபுடையது. சர்க்கரை லாக்டிக் அமிலமாக மாறுவதே தசைச் சுருக்கத்தை நேரடியாக இயக்குகிறது என்று பொதுவாக நம்பப்பட்டது. தசை ஆய்வுக்காக அவருக்கு 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்திருந்தது. 1930இல் கோபன்ஹேகனில் ஐனார் லுண்ட்ஸ்கார்ட் தவளைத் தசையில் அயோடோ அசிட்டிக் அமிலத்தைச் செலுத்தினார். லாக்டிக் அமிலம் உண்டாவது அடியோடு நின்றது. தசையோ பல தடவை சுருங்கியது. கடைசியில் பாஸ்போகிரியேட்டின் தீர்ந்ததும் விறைத்துப்போனது. கொள்கை ஒரே ஆண்டில் சரிந்தது. மேயர்ஹோஃப் அதை ஏற்றுக்கொண்டு தன் ஆய்வைப் பாஸ்பேட் பக்கம் திருப்பினார் என்பதையும் சொல்ல வேண்டும். நோபல் பெற்றவர்கள் எல்லோரும் அப்படிச் செய்வதில்லை.

3.3 பிணைப்பா, விலகலா?

1941இல் பிரிட்ஸ் லிப்மன் எழுதிய நீண்ட மதிப்புரை ஏடிபியை உயிரணு முழுவதற்கும் பொதுவான இடைத்தரகராக நிறுத்தியது. பாஸ்பேட் பிணைப்பைக் குறிக்க அவர் போட்ட நெளிகோடு பாடநூல்களில் நிலைத்துவிட்டது. குழப்பத்துக்கும் அந்தக் கோடே வித்து.

வேதியியலில் எந்தப் பிணைப்பை உடைக்கவும் ஆற்றல் கொடுக்கத்தான் வேண்டும். உடைவதால் ஆற்றல் பீறிடுவதில்லை. மூன்று பாஸ்பேட் உடைய ஏடிபி நீரோடு வினைபுரிந்து, ஒரு பாஸ்பேட்டை இழந்து, இரு பாஸ்பேட் உடைய வடிவமாகும்போது, வினை முழுவதன் கணக்கில் ஆற்றல் இறங்குகிறது. திட்ட நிலையில் அந்த இறக்கம் மோலுக்கு 30.5 கிலோஜூல். உயிரணுவுக்குள் அதுவே 50 கிலோஜூலுக்கு மேல். மூலக்கூறு அதேதான், பிணைப்பும் அதேதான். மிகுதி எங்கிருந்து வந்தது? செறிவு விகிதத்திலிருந்து. இந்த வினையைத் தன் போக்கில் சமநிலைக்கு விட்டால் மூன்று பாஸ்பேட் உடைய வடிவம் மிகச் சொற்பமாகத்தான் எஞ்சும். உயிரணுவோ அதைப் பெரும்பான்மையாக வைத்திருக்கிறது. சமநிலை விகிதத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஆயிரம் கோடி மடங்கு விலகல்.

சமநிலையை எட்டிவிட்ட ஒரு கரைசலில் இருக்கும் ஏடிபியால் ஒரு வேலையும் செய்ய முடியாது. அதன் நெளிகோடுகள் அனைத்தும் அப்படியே இருக்கும். ஆகவே ஏடிபியை ஆற்றல் நிறைந்த பொருள் என்று சொல்வதைவிட, எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்த்து வைக்கப்பட்ட வினை என்று சொல்வது பொருந்தும். யார் சாய்த்து வைக்கிறார்கள் என்பதே அடுத்த கேள்வி.

4. எலெக்ட்ரானின் இறக்கம்

குளுக்கோஸ் முதலில் பத்துப் படிகளில் பைருவேட்டாகப் பிளவுபடுகிறது. இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. நிகர வரவு இரண்டு ஏடிபி. அடுத்து வருவது சிட்ரிக் அமிலச் சுழற்சி. புறாவின் மார்புத் தசையைக் கொண்டு ஷெஃபீல்டில் ஹான்ஸ் கிரெப்ஸ் இதை வகுத்தார். 1937இல் அவர் அனுப்பிய குறிப்பை, கையிருப்பில் கடிதங்கள் நிரம்பிவிட்டன என்று 'நேச்சர்' இதழ் திருப்பியனுப்பியது. கட்டுரை 'என்சைமாலஜியா'வில் வந்தது. சுழற்சியின் வினைகளை மாணவர்கள் பாடுபட்டு மனப்பாடம் செய்கிறார்கள். அதன் சாரம் சிறியது: கார்பன் முழுவதும் கரியமில வாயுவாகிறது, அதிலிருந்து உருவி எடுத்த எலெக்ட்ரான்கள் என்ஏடிஎச் போன்ற சுமப்பான்களில் ஏறுகின்றன. நேரடியாகக் கிடைக்கும் ஏடிபி சொற்பம். சர்க்கரையின் மதிப்பில் பெரும்பகுதி இப்போது அந்த எலெக்ட்ரான்களிடம்.

அவை ஆக்சிஜனை அடையும் பாதையைக் கண்ணால் கண்டவர் கேம்பிரிட்ஜில் ஒட்டுண்ணிப் பூச்சிகளை ஆராய்ந்துகொண்டிருந்த டேவிட் கெய்லின். உயிருள்ள மெழுகு அந்துப்பூச்சியின் மார்புப் பகுதியை நிறமாலைக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார். பூச்சி பறக்கத் துடித்தபோது நான்கு கருமையான பட்டைகள் தோன்றின, ஓய்ந்தபோது மங்கின. ஈஸ்ட் கரைசலிலும் அதே பட்டைகள். குழாயைக் குலுக்கிக் காற்றுப் படச் செய்தால் அவை மறையும்; சும்மா வைத்தால் சில நொடிகளில் திரும்பி வரும். எலெக்ட்ரான்களை வாங்கும்போது பட்டை தெரிகிறது, ஆக்சிஜனுக்குக் கொடுத்துவிட்டால் மறைகிறது. 1925இல் இந்த நிறமிகளுக்கு சைட்டோகுரோம் என்று பெயரிட்டார். உண்மையில் 1880களிலேயே சார்லஸ் மக்மன் என்ற மருத்துவர் இவற்றைக் கண்டு எழுதியிருந்தார். ஜெர்மனியின் பெரும் பேராசிரியர் ஹோப்பே-சைலர் மறுத்துவிட்டதால் அது நாற்பதாண்டு கிடப்பில் போனது. மக்மன் 1911இல் காலமானார்.

இன்று நமக்குத் தெரிந்த சங்கிலி இது: மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் பதிந்த பெரிய புரதக் கூட்டமைப்புகள் எலெக்ட்ரானை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கைமாற்றுகின்றன. என்ஏடிஎச்சுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே 1.14 வோல்ட் வேறுபாடு. இரண்டு எலெக்ட்ரான்கள் இறங்கினால் மோலுக்கு 220 கிலோஜூல் கிடைக்கும். நான்கு ஏடிபிக்குத் தாராளமாகப் போதுமான தொகை. இதில் சிக்கல், எலெக்ட்ரான் இறங்கும் இடத்தில் ஏடிபி இல்லை. ஏடிபி உருவாகும் நொதியில் எலெக்ட்ரான் இல்லை. இரண்டையும் இணைப்பது எது?

5. கிடைக்காத இடைப்பொருள்

5.1 தேடல்

1953இல் ஸ்லேட்டர் ஒரு விடை சொன்னார். எலெக்ட்ரான் இறங்கும்போது ஆற்றல் மிகுந்த ஒரு வேதிச் சேர்மம் உண்டாகிறது, அது தன் ஆற்றலை ஏடிபிக்குக் கைமாற்றிவிட்டுக் கலைகிறது என்பது அவர் கருதுகோள். சர்க்கரைப் பிளவில் அப்படி நடப்பது முன்பே தெரிந்திருந்ததால் எல்லோருக்கும் இது இயல்பாகப் பட்டது. உலகின் சிறந்த ஆய்வகங்கள் அந்தச் சேர்மத்தைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முயன்றன. கிடைத்துவிட்டது என்று அவ்வப்போது அறிவிப்புகள் வந்தன; ஒன்றும் நிலைக்கவில்லை. சவ்வு கிழிந்த மைட்டோகாண்ட்ரியாவில் எலெக்ட்ரான் ஓட்டம் நடந்தும் ஏடிபி உண்டாகவில்லை என்ற செய்தி இக்காலம் முழுவதும் எல்லார் கண்முன்னும் இருந்தது. அதைத் தயாரிப்பில் நேர்ந்த பழுது என்று ஒதுக்கிவிட்டார்கள்.

5.2 மிட்சல்

1961இல் பீட்டர் மிட்சல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில் அப்படியொரு சேர்மமே கிடையாது என்றார். எலெக்ட்ரான் இறங்கும்போது கூட்டமைப்புகள் புரோட்டான்களைச் சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளுகின்றன. சவ்வு புரோட்டானைத் தானாக விடாது. எனவே ஒருபுறம் மிகுதி, மறுபுறம் குறைவு. ஏடிபி செய்யும் நொதி வழியாக மட்டும் அவை திரும்ப முடியும். திரும்பும் விசையில் ஏடிபி உண்டாகிறது. சவ்வு முழுமையாக இருந்தே தீர வேண்டும் என்பது இக்கொள்கையில் பழுதின் விளைவாக இல்லாமல் அடிப்படை நிபந்தனையாகிறது.

ஏளனமும் எதிர்ப்பும் வந்தன. வயிற்றுப்புண்ணால் அவதிப்பட்ட மிட்சல் எடின்பரோவில் வகித்த பணியை விட்டு, கார்ன்வாலில் போட்மின் ஊரருகே கிளின் மாளிகை என்ற பாழடைந்த வீட்டைச் செப்பனிட்டு, ஜெனிஃபர் மாய்ல் என்ற சக ஆய்வாளருடன் 1960களின் நடுவில் அங்கேயே ஆய்வகம் தொடங்கினார். மைட்டோகாண்ட்ரியாக் கரைசலில் சிறிது ஆக்சிஜனைச் செலுத்தியதும் வெளியே புரோட்டான் கூடுவதை மாய்ல் அளந்தார். மிட்சலின் பெயர் நிலைத்த அளவு மாய்லின் பெயர் நிலைக்கவில்லை. சோதனைகளில் பெரும்பங்கு அவருடையது.

5.3 இருட்டில் உண்டான ஏடிபி

என் மதிப்பீட்டில் இத்துறையின் மிக அழகிய சோதனை ஆண்ட்ரே ஜாகென்டார்ஃபும் எர்னஸ்ட் உரிபேயும் 1966இல் வெளியிட்டது. ஸ்பினாச் கீரையிலிருந்து பசுங்கணிகங்களின் உட்சவ்வுப் பைகளைப் பிரித்தெடுத்து, பிஎச் 4 உள்ள அமிலக் கரைசலில் சிறிது நேரம் ஊறவிட்டார்கள். பையின் உள்ளேயும் அமிலம் நிரம்பியது. பிறகு இருட்டிலேயே, பிஎச் 8 உள்ள காரக் கரைசலில் சட்டென்று கவிழ்த்தார்கள். அதில் பாஸ்பேட்டும் ஏடிபியின் மூலப்பொருளும் இருந்தன. ஒளி இல்லை, எலெக்ட்ரான் ஓட்டம் இல்லை. பைக்கு உள்ளே அமிலம், வெளியே காரம், அவ்வளவுதான். ஏடிபி உண்டானது. சேர்மத்தை நம்பியவர்களால் இதற்கு எளிதாகப் பதில் சொல்ல முடியவில்லை.

1974இல் ராக்கரும் ஸ்டோகனியஸும் இன்னும் ஒரு படி போனார்கள். உப்பளத்தில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து ஒளிபட்டால் புரோட்டானைத் தள்ளும் ஊதாநிறப் புரதம், மாட்டு இதயத்திலிருந்து ஏடிபி செய்யும் நொதி, இரண்டையும் ஒரு செயற்கைக் கொழுப்புக் குமிழியில் பதித்து ஒளி காட்டினார்கள். ஒன்றையொன்று பரிணாமத்தில் ஒருபோதும் சந்தித்திராத இரண்டு புரதங்கள் சேர்ந்து ஏடிபி செய்தன. இவற்றிடையே பொதுவாக இருந்தது புரோட்டான் வேறுபாடு ஒன்றே. 1978ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் மிட்சலுக்குத் தனியாக வழங்கப்பட்டது.

5.4 அளவு

இதை அணைக்கட்டில் தேங்கிய நீருக்கு ஒப்பிடாத பாடநூல் கிடையாது. ஒப்புமை நல்லதுதான், ஆனால் பாதி. அணையில் உயரம் ஒன்றே விசை. இங்கே விசை இரண்டு: செறிவு வேறுபாடு ஒன்று, மின்னேற்ற வேறுபாடு மற்றொன்று. பசுங்கணிகத்தில் முதலாவது ஓங்கியிருக்கும், மைட்டோகாண்ட்ரியாவில் இரண்டாவது. மொத்தம் 150 முதல் 200 மில்லிவோல்ட் என்பது அற்பமாகத் தோன்றலாம். சவ்வின் தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர்தான் என்பதை நினைத்தால் மீட்டருக்கு 3 கோடி வோல்ட். காற்றில் தீப்பொறி பாயத் தேவையான புலத்தைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. ஒரு மோல் புரோட்டான் இதில் இறங்கினால் 17 கிலோஜூல் கிடைக்கும். ஏடிபிக்கு 50 வேண்டும். ஆக, ஒரு ஏடிபிக்கு மூன்று புரோட்டான் அளவில் தேவைப்படும்.

6. சுழலும் நொதி

அந்த மூன்று புரோட்டானும் என்ன செய்கின்றன? பால் பாயர் 1970களில் வியப்பான ஒரு கருத்தைச் சொன்னார். நொதியின் பிடிக்குள் ஏடிபி உண்டாவதற்குப் பெரிதாக ஆற்றல் தேவையில்லை. உண்டானதை விடுவிக்கத்தான் தேவை. நொதியில் மூன்று இடங்கள். ஒன்று மூலப்பொருளை வாங்கும்போது இன்னொன்று பிணைக்கும், மூன்றாவது வெளியே தள்ளும். நடுவே ஒரு தண்டு சுழன்று இவற்றை முறை மாற்றும். 1994இல் ஜான் வாக்கரின் குழு மாட்டு இதயத்து நொதியின் படிக அமைப்பை வெளியிட்டபோது மூன்று இடங்களும் மூன்று வேறு நிலையில் இருந்தன. சுழற்சியை நேரில் பார்த்தது 1997இல் ஜப்பானில். நோஜி, யோஷிதா, கினோசிதா குழுவினர் நொதியைக் கண்ணாடித் தகட்டில் தலைகீழாகப் பதித்து, தண்டின் நுனியில் ஒளிரும் ஆக்டின் இழை ஒன்றை ஒட்டினார்கள். ஏடிபி ஊற்றியதும் அந்த இழை நுண்ணோக்கியின் கீழ் ஒரே திசையில் சுற்றத் தொடங்கியது. அதே ஆண்டு பாயரும் வாக்கரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

தண்டைச் சுழற்றுவது சவ்வில் பதிந்த ஒரு புரத வளையம். ஒரு புரோட்டானுக்கு வளையம் ஒரு பல் நகரும். ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏடிபி. மாட்டின் வளையத்தில் எட்டுப் பற்கள், ஸ்பினாச்சின் பசுங்கணிகத்தில் பதினான்கு. எட்டை மூன்றால் வகுத்தால் 2.7 புரோட்டான். உண்டான ஏடிபியை மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே அனுப்ப இன்னும் ஒன்று செலவாகிறது. ஆக 3.7. பழைய பாடநூல்களில் ஒரு குளுக்கோஸுக்கு 36 அல்லது 38 ஏடிபி என்று முழு எண்கள் இருந்ததற்குக் காரணம், எண்ணும் பொருள் சேர்மம் என்ற பழைய நம்பிக்கை. சேர்மமானால் ஒன்றுக்கு ஒன்று என்று பொருந்த வேண்டும். வேறுபாட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இன்றைய மதிப்பீடு 30 முதல் 32. நம் வினாத்தாள்கள் சிலவற்றில் 38 இன்னும் சரியான விடையாக வாழ்கிறது.

7. வரவின் பிற வாயில்கள்

பசுங்கணிகமும் இதே இயந்திரத்தைத்தான் வைத்திருக்கிறது. ஒளி நீரிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கி மேலே ஏற்றுகிறது, அது இறங்கும்போது புரோட்டான்கள் பைக்குள் குவிகின்றன. இப்படி வந்த ஏடிபியைச் செலவழித்துக் கரியமில வாயு சர்க்கரையாகிறது. ஒரு கரியமில வாயு மூலக்கூறுக்கு நெல்லில் மூன்று ஏடிபி. கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவை ஐந்து செலவழிக்கின்றன. வீண்செலவு போலத் தெரிந்தாலும், வெயில் கடுமையான இடத்தில் கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதியின் தவறுகளைத் தவிர்ப்பதால் அதற்கு மேல் மிச்சமாகிறது. கரும்பில் இந்தப் பாதையை 1966இல் ஆஸ்திரேலியாவில் ஹாட்சும் ஸ்லாக்கும் வகுத்தார்கள்.

ஒளியே எட்டாத இடங்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் மபோனெங் தங்கச் சுரங்கத்தில் 2.8 கிலோமீட்டர் ஆழத்தில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி 2008இல் வெளியானது. அங்கே யுரேனியத்தின் கதிர்வீச்சு நீரைப் பிளக்கிறது. வரும் ஹைட்ரஜனிலிருந்து எலெக்ட்ரானை எடுத்துச் சல்பேட்டுக்குக் கொடுத்து அது வாழ்கிறது. சர்க்கரை இல்லை, ஆக்சிஜன் இல்லை, சூரியன் இல்லை. எலெக்ட்ரான் கொடுப்பது எது, வாங்குவது எது என்பது இடத்துக்கு இடம் மாறும். சவ்வும் புரோட்டானும் மாறுவதில்லை.

என் வாதத்துக்கு வலுவான சான்று இட்லி மாவில் இருக்கிறது. மாவைப் பொங்க வைக்கும் லூக்கோநாஸ்டாக் உள்ளிட்ட லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் நொதித்தலால் வாழ்பவை. அங்கே சவ்வு வழியாக ஏடிபி செய்யத் தேவை இல்லை. ஆனாலும் அவற்றின் சவ்வில் அந்த நொதி இருக்கிறது, தலைகீழாக ஓடுகிறது. சிரமப்பட்டு ஈட்டிய ஏடிபியைச் செலவிட்டுப் புரோட்டானை வெளியே தள்ளுகிறது. ஏடிபிதான் முதல், சவ்வின் வேறுபாடு அதற்கு வழி மட்டும் என்றால் இந்தச் செலவுக்கு அர்த்தமே இல்லை.

8. செலவு

ஒரு நாளைக்கு 2,000 கிலோ கலோரி, அதாவது சுமார் 8,400 கிலோஜூல் செலவழிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முழுவதும் குளுக்கோஸிலிருந்து என்று வைத்தால் 2.9 மோல். மோலுக்கு 30 வீதம் 88 மோல் ஏடிபி. ஒரு மோலின் எடை 507 கிராம். ஆக ஒரு நாளில் 44 கிலோவுக்கு மேல். சவ்வின் வழியே வீணாகும் கசிவைக் கழித்தால் குறையும், ஆனால் அளவு புரிகிறது. உடலில் எந்த நேரத்திலும் இருப்பதோ கிராம் கணக்கில்தான். ஒவ்வொரு மூலக்கூறும் நாளுக்குச் சில நூறு முறை உடைந்து கூடுகிறது. சேமிப்பு என்ற சொல் இங்கே பொருந்தாது.

தசைச் சுருக்கம்தான் பெருஞ்செலவு என்று நினைப்போம். ஓய்வில் அப்படியில்லை. புரதத்தில் ஒரு இணைப்புக்கு நான்கு ஏடிபிக்குச் சமமான செலவு. நரம்பணுக்களில் பெருந்தொகை சோடியம்-பொட்டாசியம் இறைப்பிக்குப் போகிறது. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ 1957இல் நண்டின் நரம்பில் கண்டது இதை. ஒரு ஏடிபிக்கு மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை ஓய்வு நிலை ஆற்றலில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அந்தத் தொகையில் கணிசமான பங்கு, ஒரு வேறுபாட்டைச் செலவழித்து இன்னொரு வேறுபாட்டைக் காப்பதற்கே.

ஏடிபியைத் தொடாத செலவும் உண்டு. ஈ. கோலை பாக்டீரியா நீந்தச் சுழற்றும் கசையிழை நேரடியாகப் புரோட்டான் விசையில் ஓடுகிறது. பால் சர்க்கரையை உள்ளே இழுப்பதும் அப்படியே.

9. கசிவும் பின்னோட்டமும்

வேறுபாடுதான் முதல் என்றால், அதை ஓட்டையாக்குவதே கொல்லும் வழியாக இருக்க வேண்டும். முதல் உலகப் போரில் பிரான்சின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனாலைக் கையாண்ட தொழிலாளர்கள் வியர்த்துக் கொட்டி, மெலிந்தார்கள். சிலர் காய்ச்சலில் இறந்தார்கள். இப்பொருள் சவ்வில் கரைந்து புரோட்டானைச் சும்மா கடத்திவிடும். எலெக்ட்ரான் ஓட்டம் தறிகெட்டு ஓடும், ஏடிபி வராது, எல்லாம் வெப்பமாகும். 1933இல் அமெரிக்காவில் இதையே உடல் மெலிய மருந்தாக விற்கத் தொடங்கி, கண்புரையும் மரணமும் கண்டு 1938இல் நிறுத்தினார்கள். இணையத்தில் இன்றும் இது விற்கப்படுவதும், வாங்கி விழுங்கியவர்கள் இறப்பதும் வெட்கக்கேடு.

அதே கசிவைப் பச்சிளங்குழந்தை நலமாகப் பயன்படுத்துகிறது. அதன் தோள்பட்டைகளுக்கு இடையிலுள்ள பழுப்புக் கொழுப்பில் புரோட்டானைத் திறந்துவிடும் புரதம் ஒன்று உண்டு; நடுங்காமலே வெப்பம் கிடைக்கிறது. மற்றத் திசுக்களிலும் சிறு கசிவு எப்போதும் இருக்கிறது. ஓய்வு நிலையில் எலி செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இப்படிப் போவதாக மதிப்பீடுகள் உண்டு.

மாரடைப்பில் இக்கணக்கு கண்முன் நடக்கிறது. இதயத்தின் ஒரு பகுதிக்கு ரத்தம் நின்றதும் ஆக்சிஜன் தீர்கிறது, எலெக்ட்ரான் சங்கிலி நிற்கிறது, புரோட்டான் வேறுபாடு சரியத் தொடங்குகிறது. உடனே ஏடிபி செய்யும் நொதி எதிர்ப்புறம் சுழன்று, இருக்கும் ஏடிபியை உடைத்து வேறுபாட்டைத் தாங்கிப் பிடிக்க முயல்கிறது. இட்லி மாவின் பாக்டீரியா செய்ததே இதயத்திலும். ஆனால் இங்கே கையிருப்பு நிமிடக் கணக்கில் கரையும். 1963இல் புல்மனும் மன்ராயும் கண்ட ஒரு சிறு புரதம் இந்த இடத்தில் தலையிடுகிறது. உள்ளே அமிலம் கூடும்போது அது இரட்டையாகச் சேர்ந்து இரண்டு நொதிகளுக்குள் ஆப்பு போல இறங்கி, பின்னோட்டத்தை நிறுத்துகிறது. எவ்வளவு நேரம் அது காக்கும் என்பது விலங்குக்கு விலங்கு மாறும். ரத்தம் திரும்பிய பிறகும் ஆபத்து நீங்குவதில்லை: தடைபட்ட நேரத்தில் குவிந்த சக்சினேட் ஒரேயடியாக எலெக்ட்ரானைச் சங்கிலிக்குள் தள்ள, அவை வழிதவறி ஆக்சிஜனோடு சேர்ந்து நச்சு மூலக்கூறுகளாகின்றன, கால்சியம் புகுந்து சவ்வில் துளை விழுகிறது. அடைப்பை நீக்கிய மருத்துவர் காப்பாற்ற வேண்டிய தசையில் ஒரு பகுதி, ரத்தம் திரும்பிய முதல் நிமிடங்களில்தான் சாகிறது.